அந்த மழை ஏழுமலையின் முறை

ஏழுமலையின் உப்பைக் கரைத்தவன் நான்தான். தெரிந்தே செய்தேன். மழையின் மேல் பழிபோட்டு நல்லவன் வேடம் கட்டமாட்டேன்!

மரக்காணத்தில் எங்கள் இருவரின் உப்பளங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. மழைநீர் வடிய இரண்டுக்கும் ஒரே குறுகிய வாய்க்கால். ஒருவர் மட்டும் மடை திறந்தால் அவர் பாத்தி உப்பு தப்பும், மற்றவருடையது கரையும். இருவரும் திறந்தாலோ வாய்க்கால் பொங்கி, கரையில் குவித்த உப்பும் சேர்ந்து போகும். இருவரும் மூடியிருந்தால் இரண்டு பாத்தியும் பாழ். அதனால் ஒரு மழைக்கு அவன், மறு மழைக்கு நான் என்று அப்பாக்கள் காலத்து முறை.

நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒருவர் லாபம் எதிராளியின் முடிவையும் பொறுத்து மாறும் ஆட்டக் கோட்பாடு நடத்துகிறவன். இந்த மடையை நான்கு கட்டமாகக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒருவர் திறந்து மற்றவர் மூடியிருக்கும் இரண்டு கட்டங்களே தூய உத்திச் சமநிலை. அங்கே தனியாக முடிவை மாற்றுகிறவனுக்கு நட்டம்தான். இரண்டில் எது நடக்கும்? அதைக் கணக்கு சொல்லாது. முந்துகிறவன் சொல்வான்...

அந்தக் கோடை மழை அவன் முறை. நான் முந்தினேன்.

"டேய், இந்த மழை என்னுதுடா! மூடுடா!" என்று ஓடிவந்தான்.

"தெறந்துட்டேன் ஏழுமலை. நீயும் தெறந்தா ரெண்டு பேர் குவியலும் பூடும்."

தன் மடைப்பலகையைப் பிடித்தபடி நின்றான். திறக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்! அவன் பாத்தி என் கண்ணெதிரே கரைந்தது.

எனக்குச் சம்பளம் உண்டு. அவனுக்கு அந்தப் பாத்தியை விட்டால் வேறில்லை. அதுவும் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பீர்கள். அவன் வீட்டுச் சோறு தின்றவன்தான், நினைக்கிறேனே! நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். என் விடையில் பிழை உண்டா? காட்டுங்கள்!

இன்று மறுபடி வானம் கறுத்திருக்கிறது. இது யார் முறை என்று இருவரும் பேசவில்லை. ஏழுமலை தன் பலகையைப் பிடுங்கி, கோடரியால் இரண்டாகப் பிளந்து, என் காலடியில் போட்டான். இனி அவனே நினைத்தாலும் மூட முடியாது.

"இப்ப கணக்கு போடுங்க சார்," என்றான்.

சிறுவயது முதல் டேய் என்று கூப்பிட்டவன்...

போட்டேன். நான் மூடியே இருக்க வேண்டும் என்று வருகிறது. சரியான விடை! மழை பிடித்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கேட்கவும் மாட்டேன். பலகையை அழுத்திக்கொண்டு நிற்கிறேன், என் பாத்தி கரைகிறது, அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.