சைலன்சர் பட்டறையில் தூக்கிவாரிப்போட்ட நாட்கள்

காரின் மேல்பக்கத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் வாங்குகிறார்கள். அடிப்பக்கத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறவன் சைலன்சர் மெக்கானிக். திருவாரூர்–நாகப்பட்டினம் சாலையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. நீங்களும் கார் வைத்திருக்கிறவர் என்றால், அடியில் 'டபடப' என்று கேட்டதும் பாட்டைச் சத்தமாக வைத்தவராகத்தான் இருப்பீர்கள். நானும் என் சொந்த வண்டியில் அதைச் செய்தவன்தான். கூச்சப்படாமல் படியுங்கள்.

குழாய்க்குள் குடித்தனம்

துபாயில் வேலை பார்க்கும் ஜமால் பாய் ஒன்றரை வருஷம் கழித்து ஊருக்கு வந்தார். வயலோரத்து ஷெட்டில் நின்ற காருக்குப் புது பேட்டரி போட்டும், ஸ்டார்ட் ஆவதும் அணைவதுமாகவே இருந்தது. பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். ஒன்றும் நடக்காமல் என்னிடம் கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜின் மூச்சை வெளியே விட முடியாமல் திணறுகிறது என்று எனக்குப் பட்டது.

சைலன்சரைக் கழற்றிக் கொடுத்தேன். எங்கள் வெல்டர் அந்தோணி நடுவில் அறுத்தார். சரசரவென்று நெல் கொட்டியது. இரண்டு படி இருக்கும். பின்னாலேயே வைக்கோல், கிழிந்த துணி, அப்புறம் நீளமாக ஒரு வால். பாம்பென்று நினைத்து அந்தோணி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். செத்து விறைத்த எலி அது. ஜமால் பாய் நெல்லையும் எலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பாலைவனத்துல கிடந்து காயுறேன், இது என் கார்லயே குடித்தனம் பண்ணி நெல்லு சேர்த்து வச்சிருக்கே!"

உளுந்து பரப்பிய ரோடு

பங்குனியில் எங்கள் பக்கம் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும். டாக்சி ஓட்டும் செல்வராஜ், நடக்க முடியாத தன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போகும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். "சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டுக்கிட்டே வாங்கண்ணே" என்றார். சைலன்சர் ஜாயின்ட் விட்டுப்போய்க் கொதிக்கிற காற்று நேராகக் கீழே அடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உளுந்து மேல் ஏறிவிட்டோம். காய்ந்த செடி குழாயில் சுற்றிக்கொண்டது. சீட்டுக்கு அடியிலிருந்து புகை. இறங்கிக் குனிந்து பார்த்தால், தீ!

செல்வராஜ் பின்கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார், திறக்க வரவில்லை. நான் திறந்தேன், இரண்டு பேருமாகப் பெரியவரைத் தூக்கி வரப்பில் உட்கார வைத்தோம். உளுந்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரையும் ஊற்றினார்கள். தீ அணைந்தது. பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கருகிக் கிடந்த உளுந்தைப் பார்த்து ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "மிதிச்சுட்டுப் போங்கன்னுதான போட்டோம், வறுத்துட்டுப் போங்கன்னா சொன்னோம்?"

சமத்துப் பிள்ளை

ஸ்டெல்லா டீச்சர் தினமும் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தானே கார் ஓட்டிப் போகிறவர். ஒன்றரை வயது மகனைப் பின் சீட்டில் உட்காரவைத்து, போகிற வழியில் அக்கா வீட்டில் விடுவார். ஒருநாள் காலை, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறையில் இறங்கினார். "சத்தம் தாங்கல அண்ணே. கூடவே தலைவலி, மூக்குக்கண்ணாடி போட்டும் விடல. இவன்தான் சமத்து. ஏசி போட்ட பத்து நிமிஷத்துல தூங்கிடுவான், இறக்கினாக்கூட முழிக்க மாட்டான்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டேன். முன்குழாயில் விரல் நுழைகிற ஓட்டை. அதற்கு நேர் மேலே, தரைத் தகட்டிலிருந்த ரப்பர் மூடி உருகி விழுந்திருந்தது. வெளியே வந்து பின் சீட்டின் கால்மிதியைத் தூக்கினேன். அடியெல்லாம் கரி. "டீச்சர், இந்த ஓட்டை வழியா புகை உள்ள வந்திருக்கு. பிள்ளை தூங்கல, மயங்கிக் கிடக்கிறான்" என்றேன்.

அவர் கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையோடு ரோட்டுக்கு ஓடினார். எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறினார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சாயங்காலம் போன் வந்தது.

புதுக் குழாய் போட்டு, தரை ஓட்டையை அடைத்து, வண்டியைக் கொடுத்தேன். மறுநாள் காலை அதே கார் பட்டறை முன்னால் நின்றது. பின் சீட்டில் பிள்ளை முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தான். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "வீட்டுல ஏறினதுலேருந்து நிறுத்தாம அழுதுக்கிட்டே வர்றான் அண்ணே!"

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: புகைக்கு நாம் போட்டுக் கொடுத்த வழி கெட்டுப்போனால், அது நம்மைக் கேட்காமலே வேறு வழி பார்த்துக்கொள்ளும்.