நாலு தடவை அடைத்த ஜன்னல்

கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயரும் நேரத்தில்.

நான் முப்பத்தொரு வருஷம் இத்தாலியின் தூரின் நகரத்தில் டிராம் ஓட்டியவன். கல்லின் மேல் கல் வைத்துப் பழக்கமே இல்லை. என் மனைவி டெல்ஃபினா பிறந்த வீடு மலையில், சேசியா ஆற்றுக்கு மேலே பாழாய்க் கிடந்தது. "நீ ரிட்டயர் ஆனதும் அதைச் சரி பண்ணிக் குடியேறிடலாம் ரென்ஸோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தாள். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். "கூட்டிட்டுப் போறேன், தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றிவரப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பினேன். இருபது நிமிஷம் முந்திப் போய்விட்டாள். நகரத்துக் கல்லறையிலேயே புதைத்தேன். வாக்குக் கொடுத்து ஏமாற்றிய பாவி நான். வீட்டையாவது எழுப்புவோம் என்று ஆகஸ்டில் தனியாக மலை ஏறினேன்.

மாடி அறையில், கட்டில் தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு ஓட்டை. முழு ரொட்டி ஒன்று நுழையும் அளவு. அதற்கு ஒரு மரப்பலகை மூடி, அதுவும் உளுத்துப்போயிருந்தது. காற்று சில்லென்று வந்தது. பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு கல்லைச் சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்தை அப்பி உள்ளே திணித்து அடைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மணி 2.40. கீழே சோளக்களி தின்றுகொண்டிருந்தேன். மேலே 'சொத்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கல் கட்டில் மேல் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் பத்தீஸ்தாவிடம், சுவரில் வைத்த கல் நிற்கவில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"டிராம் ஓட்டினவன் கையில கரண்டியைக் கொடுத்தா இப்படித்தான். சாந்தா அது? உன் சோளக்களியைப் பூசியிருந்தாக்கூட நின்னிருக்கும்யா!"

"போய்யா, பெரிய இவரு."

ரோஷத்தோடு மறுபடி அடைத்தேன். மறுநாள் 2.40. சொத்.

மூன்றாம் தடவை பத்தீஸ்தா குழைத்த சாந்தையே வாங்கிவந்து பூசினேன். அதுவும் விழுந்தது. அதே 2.40. அப்போதுதான் உறைத்தது... அது டெல்ஃபினா போன நேரம்.

நாலாம் நாள் காலையில் அடைத்துவிட்டு, மத்தியானம் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாந்து இன்னும் ஈரம்.

2.38. ஆற்றுச் சத்தம் மட்டும்.

2.40.

டொக்... டொக்...

கல் அசைந்தது. ஒரு விரல்கடை. இன்னும் கொஞ்சம்...

விழுந்தது.

நனைந்த கம்பளி வாசனை.

கல்லைத் திருப்பினேன். வெளிப்பக்கத்து ஈரச் சாந்தில் நாலு விரல் பதிவு. நடுவிரல் மட்டும் குட்டை.

டெல்ஃபினா கம்பளி மில்லில் வேலை பார்த்தபோது நடுவிரல் நுனியை மெஷினுக்குக் கொடுத்தவள்.

நான் போட்ட கூச்சலில் பத்தீஸ்தா ஓடிவந்தான். ஓட்டையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அடப்பாவி, இதையா அடைச்சே? இது உயிர் போற ஜன்னல்யா. வீட்டுல ஒருத்தர் செத்தா திறப்போம். உயிர் போனதும் சாத்திடுவோம். திரும்பி வந்துடக் கூடாதுன்னு."

"அவ செத்தப்போ இங்க யாரும் திறக்கலையே. அப்ப வெளிய போகத்தான் தள்ளுறாளா?"

அவன் சுவரைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"போறவ வெளிய தள்ளுவா. கல்லு உள்ள விழுந்திருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏணி வைக்கக்கூட இடம் கிடையாது. நாற்பதடிப் பள்ளம். கீழே ஆறு.

"நானே பூசித் தர்றேன், நிக்கும். போனவங்களை உள்ள விடக்கூடாதுப்பா."

"வேண்டாம்யா. என் பொண்டாட்டி வீடுய்யா இது. அவளை நாலு தடவை வெளிய வச்சுச் சாத்தியிருக்கேன்" என்று சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டேன்.

கல்லை ஆற்றில் எறிந்தேன். பலகையை அடுப்பில் போட்டேன். அதன் பிறகு சத்தம் எதுவும் இல்லை.

அக்டோபரில், டெல்ஃபினாவின் கைக்கடிகாரத்தை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடுத்துக் கொடுத்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"நீங்கதான் ரென்ஸோவா ஐயா? கடைசி நிமிஷத்துல அம்மா உங்களைத்தான் கூப்பிட்டாங்க. ஏதோ சொன்னாங்க, எங்களுக்குப் புரியல."

"என்ன சொன்னா?"

"'கல்லை வைக்காதே ரென்ஸோ, நான் உள்ள வரணும்'னு. நாலு தடவை சொன்னாங்க."

அவள் அதைச் சொன்னது மார்ச் மாதம். நான் முதல் கல்லை வைத்தது ஆகஸ்டில்.