கரட்டடிக் குழியில் வந்த தண்ணீர்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே பாறைக் குன்றை ஒட்டிய கரட்டடியில் குடியிருக்கும் அப்புசாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் ரிக் வண்டியிலேயே போய்விட்டது. திருச்செங்கோட்டு முதலாளிகளின் போர்வெல் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, இப்போது உள்ளூரிலேயே டிரில்லராக இருக்கிறார். யாராவது சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரித்தான் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு போகிற மனிதர். பெட்டிச் சாவியை எங்கே வைக்கிறார் என்பது அவர் மனைவி கண்ணாத்தாளுக்கே இன்றுவரை தெரியாது. யாரையும் நம்பாத இந்த மனிதரை ஊர் ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அப்புசாமி தண்ணீர் இருக்கிறது என்றால் இருக்கும். இல்லை என்றால் குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

குழியில் தண்ணீர் பீறிட்டதும் நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் முதல் சொம்பை டிரில்லர் கையில்தான் கொடுப்பார். அவர் குடித்துவிட்டு, இனிப்பா உப்பா என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். அந்தச் சொம்புக்காகத்தான் அப்புசாமி இத்தனை வருடம் புழுதி தின்றார் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அதுதான் உண்மை.

போன மாசியில் ஜீவானந்தம் என்ற இளம் இன்ஜினியர் வந்து, கரட்டுப் புறம்போக்கில் இரண்டு குழி போட வேண்டும் என்று வண்டியைப் பேசினார். எந்தக் கம்பெனி, எதற்கு என்று கேட்டதற்கு, "பாறை ஆராய்ச்சிங்கண்ணா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். முதல் குழியில் முந்நூற்று நாற்பது அடியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அப்புசாமி தலையெல்லாம் நனைந்து, வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். இன்ஜினியரின் முகமோ எழவு விழுந்த வீட்டுக்காரர் முகமாக இருந்தது.

"தண்ணி வந்துருச்சா? அப்ப இது வேணாங்கண்ணா. மூடிருங்க."

"தண்ணி வேண்டாம்னா அப்பறம் எதுக்குங்க சார் குழி?"

"விரிசல் இல்லாத பாறை வேணும். ஈரமே இருக்கக் கூடாது. எனக்குச் சொன்னது அவ்வளவுதான்."

இந்தச் சீமையில் தண்ணீர் வேண்டாம் என்று ஒருவன் குழி போடுகிறான் என்றால் அப்புசாமிக்கு எப்படித் தூக்கம் வரும்? சாப்பிட்ட சோறு செரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில், முன்பு தன்னோடு கம்ப்ரஸர் ஓட்டிய ஆரோக்கியசாமி வழக்கம்போல போனில் கூப்பிட்டார். சேலத்துக்காரர், கடற்கரையில் பெண்ணெடுத்து, அங்கேயே அணு உலைக்குப் பக்கத்து ஊரில் ஐஸ் வியாபாரம் பார்க்கிறார்.

"கடலு, மாதா கோயில் மதிலு வரைக்கும் வந்துருச்சுண்ணா. உலையோட கழிவெல்லாம் கரையிலதான் வெச்சிருக்காங்க. வருசா வருசம் கடல் ஏறுனா அது என்னாவறது? ஊர்க் கூட்டம் போட்டு மனு குடுத்துட்டோம். உள்நாட்டுல தண்ணி படாத பாறையாப் பாத்துக் கொண்டுபோயி வையுங்கன்னு. நான்தான் மொதக் கையெழுத்து."

"தண்ணி படாத பாறையா?" என்றார் அப்புசாமி.

"ஆமாண்ணா. வேற எங்க வெக்கிறது, நீங்களே சொல்லுங்க."

இன்ஜினியர் ஈரமில்லாத பாறை தேடுவது எதற்கு என்று அப்புசாமிக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஆரோக்கியசாமியின் மேல் கோபமும் வந்தது. ஆரோக்கியசாமியின் பிள்ளைகுட்டிகளை நினைத்ததும் அந்தக் கோபம் நிற்கவும் இல்லை.

இரண்டாவது குழி கிழக்கே, பங்காளி சின்னண்ணன் காட்டை ஒட்டி. நானூறு அடி, அறுநூறு அடி, எண்ணூறு அடி. பாறை அரைபட்ட வெள்ளை மாவு மட்டும் பறந்தது. அப்படி ஒரு இறுகிய பாறையை அப்புசாமி பார்த்ததே இல்லை. துளைக்கிற ராடு ஒவ்வொன்றும் இறங்கும்போதும் ஜீவானந்தத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. மதியம் அவர் ரோட்டோர மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார். அப்புசாமி தூசி அடக்க நிறுத்தியிருந்த டேங்கரின் ஓஸைக் குழிக்குள் இறக்கித் திறந்துவிட்டார். வடநாட்டு வேலையாட்கள் இருவரும் பார்த்தார்கள், எதுவும் கேட்கவில்லை. இன்ஜினியர் திரும்பி வரும் நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் காற்றைக் குழிக்குள் முடுக்கினார். சேறும் தண்ணீருமாக மேலே கொட்டியது.

"எண்ணூறுல ஊத்து பூந்துருச்சுங்க சார்" என்றார். சொன்ன வாய் அவருக்கே அந்நியமாக இருந்தது.

ஜீவானந்தம் சேற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்புசாமியின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில தண்ணி மட்டம் பாத்துக்கலாங்கண்ணா" என்றார். அவர் போனதும் டேங்கரில் மிச்சம் இருந்ததையும் அப்புசாமி குழிக்குள் இறக்கினார். விரிசல் இல்லாத பாறையில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? அண்டாவில் நிற்பது போல மறுநாள் அப்படியே நின்றது. டேப்பை விட்டுப் பார்த்த இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். நோட்டில் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இதைக் கண்ணாத்தாளிடமாவது சொல்லியிருக்கலாம். பொம்பளை வாய் என்று அவரையும் நம்பாமல் விழுங்கிவிட்டார். விஷயம் தெரியாத கண்ணாத்தாள் சும்மா இருப்பாரா? கரட்டுக் குழியில் என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்துவிட்டார் என்று பால் சொசைட்டியில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் தேங்காயும் எலுமிச்சம்பழமுமாகச் சின்னண்ணன் வாசலில் நின்றார்.

"தம்பி, பொளி வரப்புக்கு அந்தப் பக்கம் ஊத்துன்னா இந்தப் பக்கமும் இருக்குமல்லொ. குழிச் செலவுக்குன்னு நாலு மாட்டையும் சந்தையில குடுத்துட்டேன். நீயே வந்து ஓட்டிக் குடுத்துரு."

ஊர் முழுக்க உண்மை பரவினால் அந்த ஜீப் திரும்பி வரும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அப்புசாமி அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, டேங்கரிலிருந்து கடற்கரை மனு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.

சின்னண்ணன் முழுக்கக் கேட்டார். முகம் இறுகியது.

"கடக்கரைக் கழிவு இங்க எதுக்குடா வருது? கம்பெனிக்காரன் உன்ற வாயக் கட்டிட்டான். தண்ணி மேல அவனுக்குக் கண்ணு, நீ அதுக்குக் காவலு. அப்பிடித்தான?"

"சத்தியமாச் சொல்றனுங்க அண்ணா. அங்க சொட்டுத் தண்ணி இல்ல."

"முப்பது வருசத்துல நீ தண்ணி விசயத்துல பொய் சொன்னதே இல்லியே. அன்னிக்குச் சொன்னதுதான் நெசம். இன்னிக்குத்தான் புதுசா மாத்திப் பேசற."

அப்புசாமி சம்பாதித்து வைத்திருந்த ஒரே நல்ல பெயர் அவர் கழுத்தையே பிடித்தது.

சின்னண்ணன் ராசிபுரத்திலிருந்து வேறு வண்டியைக் கொண்டுவந்தார். அப்புசாமி போய்த் தடுத்துப் பார்த்தார்; அந்த டிரில்லர் தொழில் பொறாமை என்று நினைத்துக்கொண்டார். காலை முதல் மாலைவரை ஓட்டித் தொள்ளாயிரம் அடி போனார்கள். வெள்ளை மாவு தென்னை ஓலையிலும், கண்ணாத்தாள் காயப்போட்ட சேலையிலும், மாடில்லாத கட்டுத்தறியிலும் படிந்தது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரிகிற அளவுக்குப் பறந்தது. வண்டியை நிறுத்தியபோது சின்னண்ணன் தேங்காயைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அது உடைபடவே இல்லை.

மறுநாள் பத்து மணி வாக்கில் ஜீப் வந்து நின்றது. ஜீவானந்தம் இறங்கி நேராக மாவுக் குவியலுக்குப் போனார். ஒரு கை அள்ளி விரலில் தேய்த்தார். பிளாஸ்டிக் பையில் நிரப்பி, பையின் மேல் தேதியும் அடிக்கணக்கும் எழுதினார். வரப்போரம் நின்றிருந்த அப்புசாமியைப் பார்த்து, "அன்னைக்கு ஊத்துன்னு சொன்னது நீங்கதானங்கண்ணா?" என்றார்.

"நான்தானுங்க."

இன்ஜினியர் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த பையை எடுத்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று அப்புசாமி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னண்ணன் மெதுவாக எழுந்து வந்து அப்புசாமியின் பக்கத்தில் நின்றார். அவர் பார்வை அந்தப் பைகளை விட்டு நகரவில்லை.

"ஏந்தம்பி, தண்ணி வராத குழியோட மண்ண அந்த ஆளு எதுக்கு இப்பிடிப் பத்தரமா எடுத்துட்டுப் போறான்?"

அப்புசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னனுங்களேண்ணா" என்றார்.