கொழுந்தன்தான் செய்திருப்பான்

என் மகள் பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளும் வகுப்புத் தோழிகளும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு புத்தகம். எல்லோரும் படித்துவிட்டு ஆளுக்கொரு கருத்து எழுத வேண்டும், நட்சத்திரமும் போட வேண்டும். போன கோடை விடுமுறையில் அவர்கள் படித்தது, துப்பறியும் பெண் ஒருத்தியைப் பற்றிய பழைய ஆங்கில நாவல். மற்றப் பிள்ளைகள் போனிலேயே படித்தார்கள். என் மகள் மட்டும் என் அலமாரியில் கிடந்த, அட்டை கிழிந்த பிரதியை எடுத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அந்தக் கருத்துகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது, நம்பவே முடியவில்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். தடயமெல்லாம் தானாக வந்து அவள் காலில் இடறுகிறது என்று இன்னொருத்தி. பேய் விளக்கு வரும் இடம் மட்டும் பிடித்தது என்று ஒரு பிள்ளை. என் மகள் போட்டது ஐந்துக்கு இரண்டு.

“முதல் அத்தியாயத்துலயே யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிருதும்மா. அப்புறம் எதுக்கு மீதியப் படிக்கணும்?”

“உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“அவன் மட்டும் ரொம்ப நல்லவனா பேசுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே ஆளை அதே இடத்தில் என் பெரியம்மையும் பிடித்திருக்கிறாள். அவள் பிடித்தபோது நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன்.

அப்போது எங்கள் வீடு சேரன்மகாதேவியில். அப்பா மாஞ்சோலை போகும் பஸ்ஸில் கண்டக்டர். அங்குள்ள தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஓர் அதிகாரியின் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது, “உங்க பிள்ளை படிக்குதுல்லா” என்று ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களை அப்பாவிடம் கொடுத்துவிட்டது. பெரும்பாலும் தையல், தோட்டம், சமையல். அவற்றுக்கு நடுவில் இந்தக் கதைப் புத்தகம். அட்டையில் ஒரு பெண் படகில் நின்று விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பாள். நான் தமிழில் படித்தவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி ஆரம்பித்தேன்.

வீட்டின் முன்பக்கத்துக் கூடமான பட்டாசலில் மூன்று பெண்கள் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். என் அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மை, அடுத்த வீட்டு மைனி. மைனியின் கணவர் சவுதியில் இருந்தார். கல்யாணமாகி வந்த புதிது. அண்ணன் பெண்டாட்டி என்பதால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவளை மைனி என்று கூப்பிட, தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

நான் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே ஏதோ ஓர் இடத்தில் சிரித்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“நாங்க இங்கன கை நொந்து கெடக்கோம், நீ மட்டும் தனியா சிரிச்சா எப்படிட்டி? எங்களுக்கும் சொல்லு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பத்தியை மனசுக்குள் வாசித்து, அதைத் தமிழில் சொல்லுவேன். தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிப் போவேன். துப்பறியும் பெண்ணின் பெயர் என் வாயிலும் நுழையவில்லை, அவர்கள் வாயிலும் நுழையவில்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது. அதனால் ‘காருக்காரி’ ஆகிவிட்டாள்.

கதை இதுதான். ஓர் ஏரிக்கரையில் பழைய தங்கும் விடுதி. கணவன் செத்துப்போன ஒரு பெண் அதை நடத்துகிறாள். இருட்டியதும் சில நாட்களில் ஏரித் தண்ணீரின் மேல் ஒரு விளக்கு தானாக நடந்து வரும். வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பக்கம் வந்த காருக்காரிக்கு வண்டி பஞ்சராகிறது. விடுதியில் தங்குகிறாள். விளக்கைப் பார்க்கிறாள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும். அம்மாவுக்குக் காருக்காரியைப் பிடிக்கவே இல்லை. “பெத்தவ ஒருத்தி இருந்தா பிள்ளைய இப்படி ஊரு ஊரா விடுவாளா? அவ அம்மை எங்கன போனா? அதச் சொல்லு மொதல்ல.” புத்தகத்தில் அவள் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் என்ன சொல்ல? “ஊருக்குப் போயிருக்கா” என்று சொல்லி வைத்தேன். “எப்ப வருவா?” என்றாள் அம்மா.

மைனி காருக்காரியின் கட்சி. அவள் போட்டிருந்த கவுன், கையுறை, சாப்பிட்ட கேக் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். “எங்க வீட்டுக்காரவ இருக்க ஊர்ல பொம்பள காரு ஓட்டக் கூடாதாம். இவ என்னமா ஓட்டுதா பாருங்க மதினி” என்று அம்மாவிடம் சொல்வாள். “லைசென்ஸ் எத்தனை வயசுல குடுக்காவ அந்த ஊர்ல?” என்று என்னிடம் கேட்பாள்.

பெரியம்மை மட்டும் ஒன்றும் சொல்லாமல் இலை வெட்டிக்கொண்டிருப்பாள். கேட்கிறாளா, இல்லையா என்றே தெரியாது. விடுதிக்காரியின் செத்துப்போன கணவனுடைய தம்பி ஒரு கூடை நிறையப் பழம் கொண்டுவந்து, “உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? வித்துட்டு எங்களோட வந்து இருங்க” என்று சொல்லும் இடம் வந்தது. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மை தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“கொழுந்தன்தான் செஞ்சிருப்பான்.”

மைனி என்னைப் பார்த்தாள். அம்மா, “சவத்தத் தள்ளு, கதைதான” என்றாள்.

பெரியம்மைக்குக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. காரியமெல்லாம் முடிந்ததும் கொழுந்தன் வந்து, “மதினி, உங்க தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்” என்று அவரே பஸ் ஏற்றி விட்டார். பெரியம்மை திரும்பிப் போனபோது வாசல் கதவில் வேறு பூட்டு தொங்கியது. ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அன்றைக்குப் பிறகு, நான் வர நேரமானால் பெரியம்மையே கூப்பிட ஆரம்பித்தாள். “ஏட்டி, அந்தப் புத்தகத்த எடு.”

கடைசியில் காருக்காரி படகில் போய், ஒரு மிதவையில் விளக்கைக் கட்டி, கரையிலிருந்து கயிறு போட்டு இழுப்பது கொழுந்தன்தான் என்று கண்டுபிடிக்கிறாள். அவன் அழுகிறான். விடுதிக்காரி அவனை மன்னிக்கிறாள். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். கதை முடிந்தது.

நான் புத்தகத்தை மூடியதும் பட்டாசலில் ஒரே சத்தம்.

“பேயாட்டம் காட்டி அவ வயித்துல அடிச்சவனுக்கு விருந்தா?” என்றாள் அம்மா.

“போலீஸ்ல புடிச்சுக் குடுக்காண்டாமா? காருக்காரிக்கு என்ன வந்துச்சு? கடைசியில இப்படிக் கவுத்துட்டாளே” என்றாள் மைனி. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெரியம்மை கேட்டாள்: “வீடு யாரு பேர்ல ஆச்சு?”

நான் கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் பார்த்தேன். அதற்கு முந்திய பக்கத்தையும் பார்த்தேன். “அது போடல பெரியம்மை.”

“அதச் சொல்லாம என்ன விருந்து” என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மை வெளியூர் போகிறவள் மாதிரி சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மைனியைக் கூப்பிட்டாள்.

“எனக்கு அங்கன ஒரு தையல் மிஷின் கெடக்கு. எங்க அய்யா கல்யாணத்துக்கு வாங்கித் தந்தது. எடுத்துட்டு வரப் போறேன். கூட வாரியா?”

மைனி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று நானும் போனேன். அம்மாவுக்கு உள்ளூரப் பயம். “பைய பேசு, சண்ட போட்டுராத” என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் பெரியம்மை சன்னலோரம் உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் நாற்று நட்டு வயல் பச்சையாகக் கிடந்தது. மைனி என் காதில், “காருதான் இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது. கொழுந்தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் கற்பனை செய்திருந்த முகம் இல்லை. வெள்ளை வேட்டி, சாந்தமான முகம்.

“வாங்க மதினி. எத்தனை நாளாச்சு. காப்பி குடிங்க.”

“காப்பி வேண்டாம். என் மிஷின எடுத்துட்டுப் போக வந்தேன்.”

“அது பழசுல்லா மதினி. துருப் புடிச்சுக் கெடக்கும். உங்களுக்கு எதுக்கு அந்தப் பாடு?”

பெரியம்மை அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். மிஷின் சன்னலோரம் எண்ணெய் பளபளக்க இருந்தது. ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஜாக்கெட். கொழுந்தனின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மை ஊசியை உயர்த்தி, ஜாக்கெட்டை வெளியே எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

“கையி பெருசா வச்சுட்ட. பிரிச்சுத் தை” என்றாள்.

நானும் மைனியும் மிஷினைத் தூக்கினோம். வாசலுக்கு வந்ததும் பெரியம்மை திரும்பி நின்றாள்.

“வீட்டப் பத்திப் பேச இன்னொரு நாளு வருவேன். என் தங்கச்சி மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வருவேன்.”

பஸ் கூரையில் மிஷினை ஏற்றிக் கட்டும்போது கயிற்றைப் பிடிக்க முடியவில்லை பெரியம்மையால். மைனிதான் முடிச்சுப் போட்டாள்.

சொன்னபடி அப்பாவோடு போனாள். பல தடவை போனாள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். வீடு கிடைக்கவில்லை. அது ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுபோனது. ஆனால் மிஷின் எங்கள் பட்டாசலில் ஓடத் தொடங்கியது. பெரியம்மை பீடியைக் குறைத்து, பிறகு விட்டே விட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகள், ஜாக்கெட்டுகள். என் கல்யாணத்துக்கு எல்லாமே அவள் தைத்ததுதான். அந்தக் கதையைக் கேட்டதால்தான் போனாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கத் தோன்றியதும் இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் மகள், “ஆச்சியப் பாக்கப் போவோம்” என்றாள். பெரியம்மையைத்தான் அவள் ஆச்சி என்பாள். அடுத்த ஞாயிறு போனோம். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மைனி மகனோடு மேலப்பாளையத்துக்குப் போய்விட்டாள். சேரன்மகாதேவி வீட்டில் இப்போது என் தம்பி குடும்பமும் பெரியம்மையும் இருக்கிறார்கள். முட்டுவலியால் அவளுக்கு மிஷினை மிதிக்க முடிவதில்லை. தம்பி மோட்டார் வைத்துக் கொடுத்திருக்கிறான்.

மகள் புத்தகத்தைக் காட்டியதும் பெரியம்மை அட்டையைத் தடவிப் பார்த்தாள். “காருக்காரி. இவள இன்னுமா வச்சிருக்க?”

மகள் நட்சத்திரக் கதையைச் சொன்னாள்.

“ரெண்டுன்னா பாஸா, பெயிலா?”

“பெயிலுதான் ஆச்சி.”

“ஏம்ட்டி? என்ன கொற?”

“எல்லாத்தையும் அவளே செய்யுதா. மத்தவங்க சும்மா நிக்காங்க. விடுதிக்காரம்மா வீட்டுக்குள்ள உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கா. எனக்கு எரிச்சலா வந்துச்சு.”

“யாரு அழுதா? அவளும்லா படகுல போனா.”

“இல்ல ஆச்சி. காருக்காரி மட்டும்தான் போனா.”

“ரெண்டு பேரும் போனாவ. துடுப்புப் போட்டது இவதான். அது இவ ஊருத் தண்ணி, வெளியூர்ப் பிள்ளைக்கு எங்கன ஆழம்னு என்ன தெரியும்?”

மகள் பக்கத்தைத் தேடி எடுத்து, வாசித்துத் தமிழில் சொன்னாள். காருக்காரி விடுதிக்காரியிடம் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள், தனியாகப் படகை எடுக்கிறாள். அப்படித்தான் இருந்தது. பெரியம்மை என்னைப் பார்த்தாள்.

“நீ எங்களுக்கு அப்படியா சொன்ன?”

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு, புரியாத வரிகளைத் தாண்டி நானே இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். அல்லது இத்தனை வருடம் தைத்துக்கொண்டே அவளே அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றியிருக்கலாம்.

“நீ சொல்லுத மாதிரிதான் சொன்னேன் போல” என்றேன்.

மகள் புத்தகத்தை மூடி அவள் மடியில் வைத்தாள். “அப்ப ஆச்சி கேட்ட கதை நல்ல கதை. அதுக்கு நாலு குடுப்பேன். இந்தப் புத்தகத்துக்கு ரெண்டுதான்.”

“உன் இஷ்டம்” என்றாள் பெரியம்மை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எல்லாரும் சாப்பிட வாங்க, சோறு ஆறிப் போவுது” என்றாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அவளுக்குப் போன் போட்டு, அந்த மாதத்துப் புத்தகத்தைச் சொல்கிறாள். நான் அடுக்களையில் வேலையாக இருப்பேன். போன் ஸ்பீக்கரில் இருக்கும். போன வாரம் ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பெரியம்மை குறுக்கே விழுந்து அதில் வரும் கப்பல்காரனை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள், “அவன் நல்லவன் ஆச்சி, நான் முழுசாப் படிச்சிட்டேன்” என்று கத்தினாள். பெரியம்மை கேட்கவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.