மழையில்லாத நாளில் நனைந்த கடலை

எழிலரசிக்குக் கோபம் வந்தால் சாமியும் தப்பாது. வெளிநாட்டுக்கு அனுப்பிய வேர்க்கடலையில் ஈரம், பூஞ்சை என்று முதல் லோடு திரும்பி வந்தபோது, “அக்னி ஸ்தலம்னு பேரு, நாலு மூட்ட மல்லாட்டைய காய வைக்கத் துப்பில்ல” என்று அண்ணாமலையாரையே கேட்டாள். அடுத்து சோதனைக்கு எடுக்கும் மாதிரியும் தேறாவிட்டால், அவளிடம் வாங்கி ஏற்றுமதி செய்யும் சென்னைக் கம்பெனியின் ஆர்டர் போய்விடும். கீழ்பென்னாத்தூர் சாலையில் அவள் ஆசையாகப் போட்ட, கடலை உடைக்கும் மெஷினில் கோழிதான் அடையும்.

அந்த நேரத்தில் வேங்கிக்காலில் ஓர் ஏற்றுமதிக் கூட்டம். பேச வந்த ராஜமாணிக்கம் திரையில் உலக வரைபடம் காட்டினார். போட்டி நாட்டில் அறுவடையின்போது வானம் ஒரு சொட்டு விடாதாம், துறைமுகமும் பக்கமாம். நமக்கு அறுவடையும் மழையும் ஜோடியாக வரும், துறைமுகம் எங்கோ. எழிலரசிக்கு வயிறு குளிர்ந்தது. குற்றவாளி அவளல்ல, பூகோளம்.

மாதிரி எடுக்கக் கம்பெனியிலிருந்து பூஜா வந்ததும் எழிலரசி அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பூஜா பொறுமையாகக் கேட்டாள். பல நாளாக மழையில்லை. களம் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. அப்போது பார்த்து எழிலரசியின் புருஷன் அருணகிரி ஹோஸ் பைப்போடு வந்து, உடைக்க வைத்திருந்த காய்க்குவியலைக் குளிப்பாட்டினான்.

“என்னண்ணா பண்றீங்க?”

“தண்ணி தெளிக்காம மிஷின்ல போட்டா பருப்பு ரெண்டா பூடும் மேடம். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான்.”

பூஜா எழிலரசி பக்கம் திரும்பினாள். “இந்த மழை எந்த நாட்லேர்ந்துக்கா வருது?”

எழிலரசி போய்க் குழாயை மூடினாள். உடைந்த பருப்பை அந்த ராஜமாணிக்கம் வந்து ஒட்டித் தருவாரா என்று அருணகிரி முணுமுணுத்துக்கொண்டே, வேறு உலர்ந்த காயை எடுத்து மெஷினில் கொட்டினான். அவன் சொன்னதும் பொய்யில்லை, நிறையவே உடைந்தது. முழுசு மாதிரிக்குப் போனது, உடைசல் கிரிவலப் பாதையில் விற்கும் கடலைமிட்டாய்க்குப் போனது. பௌர்ணமிக் கூட்டம் அதைக் கடித்தபடியே மலையைச் சுற்றியது.

மாதிரி தேறியது. லாபம் கம்மிதான், ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

அடுத்த கூட்டத்திலும் அதே வரைபடம், அதே வானம். ஏதாவது சந்தேகமா என்று ராஜமாணிக்கம் கேட்டார். எழிலரசி எழுந்தாள்.

“எல்லாம் சரிங்க சார். அந்த நாட்டுல எங்க வீட்டுக்காரர் மாதிரி யாரும் இல்லியா? அத நீங்க சொல்லவே இல்லியே.”