டிசம்பர் இருபத்தெட்டும் ஸ்டெல்லா டீச்சரும்

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தான். ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார் என்று பள்ளி ஆயா வந்து சொன்னபோது, என் கையில் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. என் மகனின் இதயத்திலுள்ள ஓட்டையை அடைக்க டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. அந்தத் தேதியைப் பற்றி டீச்சரிடம் கேட்கத்தான் செருப்பை மாட்டியிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கு வருமுன் அவரோடு அம்பத்தூர் பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். அயர்லாந்துக் கன்னியர் நடத்திய விடுதியில் வளர்ந்தவர். அந்த மதர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கைகளையும் ஜெபங்களோடு சேர்த்தே கற்றுக்கொண்டவர்.

நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளன்று சக்கரம் சுழலக் கூடாது என்று பஸ் ஏறமாட்டார். ஒருமுறை திருமுல்லைவாயிலிலிருந்து நடந்தே வந்து வியர்த்து நின்றார்.

"இன்னா டீச்சர், கண்டக்டராண்ட சண்டையா?" என்றாள் ஆயா.

"இல்லடி. அந்தப் புனிதர் மாவு மில் சக்கரத்துல சிக்கிச் செத்தாராம்."

"ஐயோ! எந்த மில்லு, நம்ம ரேஷன் கடையாண்ட கீதே, அதுவா?"

ஆசிரியர் அறையே சிரித்தது. டீச்சரும்தான்.

இருபத்தெட்டைப் பற்றி மட்டும் அவர் சிரித்ததில்லை. ஏரோது அரசன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். அன்று தொடங்கியது நல்லபடியாக முடியாது என்பார்; புதுப் புடவையின் மடிப்பைக்கூடக் கலைக்கமாட்டார். நான் கேலி செய்தால், "மார்கழி முழுக்க நீங்க கல்யாணம் பண்ண மாட்டீங்க. நான் ஒரே ஒரு நாளச் சொன்னா இளிக்கிறியே, வசந்தி!" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அதே தேதியில் எனக்கு வலி கண்டது. பயத்தில் பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தேன். டீச்சர் என் கன்னத்தில் தட்டினார். "பைத்தியம், மூச்ச விடு! நாம தொடங்குறதுக்குத்தான் அந்த நாள் ஆகாது. இது தானா வருது, வரட்டும்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவனைப் பெற்றேன்.

இப்போது தொடங்குவது நாங்கள். கையெழுத்துப் போடுவதும் நாங்கள். தேதியைத் தள்ளினால் மறுபடி எப்போது கிடைக்குமோ; காத்திருக்க அவனுக்குத் தெம்பில்லை என்கிறார் டாக்டர். "படிச்சவதானே நீ?" என்கிறார் என் கணவர். படித்தவள்தான். அழுது அழுது அவன் உதடு நீலம் பூக்கும்போது படித்தது எதுவும் துணைக்கு வருவதில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் குரலும் இந்தப் பயமும். அந்த நாளுக்கு ஏதாவது விலக்கு உண்டென்று உங்களில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா? அடுத்த வெள்ளிக்குள் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு கார்டு போதும். இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.