பதின்மூன்றாவது சீட்டு

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, லைட்ஹவுஸ் குப்பத்தில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின்மேல், தேய்த்த சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் மாசிலாமணி. கீழே லுங்கிதான். போனில் இடுப்புக்கு மேலேதானே தெரியும் என்பார். போனை வலை மிதவைமேல் சாய்த்து வைத்துவிட்டு, திரையில் பஹ்ரைன் வரும்வரை கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார். அங்கே அப்போது மணி எட்டு. பழவேற்காடு வெள்ளிக்கிழமை மன்றம் கூடும் நேரம்.

கூட்டம் தொடங்குமுன், பெயர் விடுபட்டவர் உண்டா என்று செயலாளர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "பேரு உடுபட்டவங்க யாருனா கீறீங்களா?" அதைக் கேட்டதும் மாசிலாமணி ஒருமுறை தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே காயும் கருவாடும் இரண்டு காக்கையும்தான் இருக்கும். ஊர் திரும்பி ஆறு வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. "காக்காவையும் மன்றத்துல சேக்கப் போறியா?" என்று அக்கா முனியம்மா கேட்பார். தம்பி சிரிப்பதோடு சரி.

முனியம்மா எட்டாவது வரை படித்தவர். தம்பி பஹ்ரைனிலிருந்து போட்ட கடிதங்களைத் தேதி பிசகாமல் அடுக்கி, ஊசிநூலால் தைத்து, பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். மன்றத்தைப் பற்றி யார் கேட்டாலும் டப்பாவைத் திறந்துகொண்டுதான் பேச ஆரம்பிப்பார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் பதின்மூன்று பேர் அங்கே மீன்பிடி படகுகளில் வேலைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. மளிகைக் கடைக்காரர் ஒருவர் அன்று ஒரு மணி நேரம் தன் கடை போனை விட்டுக்கொடுத்தார். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆறு பேர் ஊருக்குப் பேசலாம். எந்த ஆறு பேர் என்பதில் சட்டை கிழிந்தது. அப்போது மாசிலாமணி குறுக்கே புகுந்து, "ஏரியில இன்னா பண்றோம்? அதையே இங்கயும் பண்ணுவோம்" என்றார்.

ஏரியில் பாடு போடுவார்கள். எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதுதான் பாடு. சீட்டுக்கு முன்னால் பெரியவன் சின்னவன் கிடையாது. மாசிலாமணி பெயர்களை எழுதி டீத்தூள் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். அன்றோடு அடிதடி நின்றது. அந்த டப்பாவைச் சுற்றி வளர்ந்ததுதான் மன்றம். புதிதாக வருகிறவனை விமான நிலையத்தில் போய் அழைத்து வருவது, ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்குத் துணை இருப்பது, இறந்தவனை ஊருக்கு அனுப்பி வைப்பது எல்லாம் பிறகு சேர்ந்தன. இன்று நூற்று நாற்பது பேர். இதைச் சொல்லும்போது முனியம்மாவின் முதுகு தானாக நிமிரும்.

ஆனால் அன்று டப்பாவில் விழுந்தவை பன்னிரண்டு சீட்டுகள்தான். தோணிரேவு வீரராகவனும் அவர் தம்பி தருமனும் ஒரே அறையில் இருந்தார்கள். ஏரிப் பாடு முறையில் கல்யாணம் ஆகாத தம்பி அண்ணன் பங்கில் அடக்கம். மாசிலாமணி அதே கைப்பழக்கத்தில் வீரராகவன் பெயரை மட்டும் எழுதினார். அண்ணனின் பத்து நிமிடம் அண்ணிக்கும் பிள்ளைகளுக்குமே போதவில்லை. தருமனுக்கோ சுண்ணாம்புக்குளத்தில் சத்யா என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தருமன் எட்டு மாதம் வரிசைக்குப் பின்னால் நின்று, வாய் திறக்காமல் திரும்பிப் போனார். மன்றத்தின் சட்டம் அதுதான் என்று நினைத்துவிட்டார்.

சத்யா வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று முனியம்மா எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் உடைந்தது. மாசிலாமணி அன்றே பதின்மூன்றாவது சீட்டை எழுதினார். அடுத்த எட்டு மாதமும் தன் முறை வந்தபோதெல்லாம் போனைத் தருமன் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றார். செயலாளர் கேட்கும் கேள்வி அப்போது பிறந்தது. சத்யா இன்று தருமனின் மனைவி.

இந்த வருடம் வெள்ளி விழா. இப்போதைய செயலாளர் பிரதாப் சுறுசுறுப்பானவர். மன்றத்தின் வரலாற்றை மலராக அச்சடிக்கிறார். முதல் பக்கத்தில் மாசிலாமணியின் படம், கீழே 'நிறுவனர்' என்று பட்டம். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். விழாவிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம், பையன்களெல்லாம் கேலி செய்கிறார்கள் என்றார்.

மாசிலாமணி நேரே அக்காவிடம் வந்தார். தவறு தெரிந்த அன்று தான் எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து பிரதாப்புக்கு அனுப்பச் சொன்னார். முனியம்மாவுக்குக் கை வரவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா உன் தப்பை நூத்தி நாப்பது பேரு படிக்கணுமாடா?"

"படிக்கட்டும்க்கா. இது தெரியாம அந்தக் கேள்வியக் கேக்கச் சொன்னா, எவன் கேப்பான்? இன்னொருத்தன் பின்னாலயே நிப்பான்."

தைத்த கடிதக் கட்டுக்குள் அந்தப் பக்கம் மட்டும் அடிக்கடி புரட்டியதில் மெத்தென்று ஆகியிருந்தது. முனியம்மா மூலைகளை நீவிவிட்டு, நிழல் விழாமல் இரண்டு முறை படம் எடுத்து அனுப்பினார். பிரதாப்பிடமிருந்து பதில் வரவில்லை.

விழா நாளில், தானும் ஊர் திரும்பிவிட்ட தருமன் தோணிரேவிலிருந்து குப்பத்துக்கு வந்திருந்தார். படகில் இடம் இருந்தும் ஏறாமல், கருவாட்டுப் பாயருகே நின்றுகொண்டார். "நம்ம மூஞ்சி அதுல எதுக்குண்ணே? நீ பேசு" என்றார்.

திரையில் தோரணம் கட்டிய மண்டபம் தெரிந்தது. பிரதாப் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து நிதானமாக வாசித்தார். "அக்காவுக்கு, தப்பு என்னுது. தருமனுக்கு நான் சீட்டே எழுதல. எட்டு மாசமா அவன் நின்னத நான் திரும்பிப் பாக்கல." பிரதாப் தாளை மடித்துவிட்டுக் கேட்டார்.

"பேரு உடுபட்டவங்க யாருனா கீறீங்களா?"

முனியம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வழக்கம்போலத் திரும்பினார். தருமனின் கையைப் பிடித்து இழுத்துப் படகில் உட்கார வைத்தார். அந்தச் சின்னத் திரையில் இரண்டு முகம் கொள்ளவில்லை. தேய்த்த சட்டை பாதி மறையும்வரை தள்ளி உட்கார்ந்து, போனைத் தருமன் பக்கம் திருப்பி வைத்தார்.